மின்சாரக் கார் சார்ஜும் ஏறவில்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லையா? முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்

பன்னிரண்டு வயதான என் மின்சாரக் கார் ஒரு நாள் காலையில் சார்ஜ் ஏற மறுத்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் மொத்தமும் எரிந்தன, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' மட்டும் வரவில்லை. வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். பழுது கடைசியில் சின்ன பேட்டரியில், அதாவது 12 வோல்ட் பேட்டரியில்! அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

முதலில் ஒன்று: ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவே தொடாதீர்கள். உயிரை எடுக்கும் மின்னழுத்தம் அதில்தான் இருக்கிறது. கீழே சொல்கிற எதற்கும் அதன் பக்கம் போக வேண்டியதில்லை.

படி 1: எது வேலை செய்யவில்லை?
வண்டி ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால் நேராகப் படி 4. இரண்டும் இல்லை என்றால் சின்ன பேட்டரிதான் முதல் சந்தேகம். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டர்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மூடி இணைப்புக் கொடுப்பதற்கே 12 வோல்ட் வேண்டும். அது சோர்ந்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை.

படி 2: அளந்து பாருங்கள்
வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து சின்ன பேட்டரியின் இரண்டு டெர்மினல்களிலும் (முனைகளில்) மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி.

நான் ஏமாந்தது இங்கேதான். மீட்டர் 12.5 காட்டியது, 'சரி, இது நல்லா இருக்கு' என்று சார்ஜரை நோண்டப் போய்விட்டேன். சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும் பேட்டரி, சுமை ஏறியதும் படுத்துவிடலாம். மீட்டரை டெர்மினலில் வைத்தபடியே, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்த இன்னொருவரிடம் சொல்லுங்கள். என் மீட்டர் 9க்குச் சரிந்தது. பெட்ரோல் காரில் ஸ்டார்டர் மோட்டார் முனகியே பேட்டரியின் நிலையைக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் அந்த மோட்டாரே கிடையாது. அதனால் கடைசி நாள் வரை ஒன்றும் தெரியாது.

படி 3: டிசி-டிசி கன்வெர்ட்டர் (பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி)
சின்ன பேட்டரியைத் தனிச் சார்ஜரில் ஏற்றி (அல்லது புதிது மாட்டி) வண்டியை 'ரெடி'க்குக் கொண்டுவாருங்கள். இப்போது டெர்மினலில் 13க்கு மேல், பெரும்பாலும் 14ஐ ஒட்டி வரவேண்டும். 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் கன்வெர்ட்டரையோ அதன் பியூஸையோ பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் காலியாகும்.

காரின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ரீடர் அவசியமா? என்னைக் கேட்டால் நல்ல மல்டிமீட்டர்தான் முதலில். 12 வோல்ட் சரிந்தால் சம்பந்தமே இல்லாத பிழைக் குறியீடுகள் வரிசையாக வரும். குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள், திரும்பி வருவதை மட்டும் நம்புங்கள்.

படி 4: சார்ஜ் மட்டும் ஏறவில்லை
வேறு கேபிளில் போட்டுப் பாருங்கள். ஏறினால் பழுது கேபிளில். டைப் 1 கைப்பிடி (ஐந்து முனையும் பட்டனும் உள்ள சார்ஜ் கைப்பிடி) என்றால் சுவரிலிருந்தும் காரிலிருந்தும் கழற்றிவிட்டு, பிராக்சிமிட்டி முனைக்கும் (கேபிள் செருகியிருப்பதைக் காருக்குச் சொல்லும் முனை) எர்த்துக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். பட்டனை விட்டால் சுமார் 150, அழுத்தினால் சுமார் 480. எப்போதும் 480 என்றால் உள்ளே சுவிட்ச் சிக்கியிருக்கிறது. கேபிளைப் பிடுங்கப்போகிறார்கள் என்று நினைத்து கார் சார்ஜை நிறுத்திவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் எல்லாப் படிகளையும் முடித்தும் சார்ஜ் ஏறவில்லை என்றார். காரில் சார்ஜிங் டைமர் நள்ளிரவுக்கு வைக்கப்பட்டிருந்தது. இன்னொருவருக்கு 'ரெடி' வராத காரணம், சார்ஜ் கேபிளைக் கழற்றவே இல்லை.