வாளியும் குழாயும் வைத்து ரேனோல்ட்ஸ் பரிசோதனை

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். குழாயில் நீர் எப்போது சீராகப் பாயும், எப்போது குழம்பிப் பாயும் என்று 1883இல் பொறியியலாளர் ஒஸ்போர்ன் ரேனோல்ட்ஸ் மான்செஸ்டரில் செய்துகாட்டியதை வகுப்பறை மேசையிலேயே செய்யலாம்.

உள்விட்டம் 10 மில்லிமீற்றர் உள்ள கண்ணாடிபோன்ற குழாய் இரண்டு மீற்றர் எடுங்கள். வாளியின் பக்கத்தில், அடியை ஒட்டித் துளையிட்டுப் பொருத்தி, நேரான சலாகையில் கிடையாகக் கட்டுங்கள். மறுமுனைக்கு ஒரு கவ்வி. சேலைன் குழாயின் நுனியை வாளிக்குள் குழாய்வாயின் நடுவில் நிறுத்தி, மிக ஐதான, ஊதா நிறப் பரமங்கனேற்றுக் கரைசலை மெல்ல விடுங்கள்.

அதற்கு முன் நிரப்பிய வாளியை ஒரு மணித்தியாலம் தொடாமல் வையுங்கள். முதல்முறை நான் பொறுக்கவில்லை. வாளிக்குள் நீர் சுழன்றுகொண்டே இருந்தது, நிறக்கோடு தொடக்கத்திலேயே கலைந்துவிட்டது.

சரி, இப்போது கவ்வியைச் சிறிது தளர்த்துங்கள். ஊதா நூல் ஒன்று ஆடாமல் அசையாமல் குழாய் முழுக்க ஓடும். அதுதான் அருவிக்கோட்டுப் பாய்ச்சல், நீர் குறுக்கே கலக்காமல் சீராக ஓடுவது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. இன்னும் தளர்த்த நூல் நடுங்கும், பிறகு திடீரென உடைந்து நிறம் முழுவதும் பரவும்.

நூல் உடையும் அந்த நிலையில் கவ்வியை வைத்து, வெளிவரும் நீரில் ஒரு லீற்றர் நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். எங்கள் 30 பாகை வெயில் நீருக்கு 80 செக்கன் என்றால், பாய்ச்சல் சீரானதா குழம்பியதா என்று காட்டும் ரேனோல்ட்ஸ் எண் ஏறத்தாழ 2000. இங்குள்ள இரணைமடுப் பாசன வாய்க்காலில் அது லட்சக்கணக்கில் இருக்கும். அங்கே இந்த நூலைத் தேட வேண்டாம்.