இஷ்ட தெய்வ தியானத்தில் எங்கே தவறுகிறோம்?

முருகனை நினைத்துக் கண்ணை மூடி உட்காரத் தொடங்கிய முதல் மாதம், எனக்குத் தினமும் தலைவலி வந்தது. பூஜை அறைக் காலண்டரில் இருக்கும் படம் மயில், வேல், கிரீடத்துக் கல் உட்பட அப்படியே இமைக்குள் தெரிய வேண்டும் என்று புருவத்தைச் சுருக்கி முயன்றேன். ஒன்றும் தெரியவில்லை. பக்தி போதவில்லையோ என்று அழுததும் உண்டு. இந்த ஒரு காரணத்தாலேயே தியானத்தை விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள். முகம் போட்டோ மாதிரித் துல்லியமாகவா தெரிகிறது? பலருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல், புடவை வாசம், தலையில் கை வைத்த சூடு எல்லாம் வந்துவிடுகின்றன. தியானத்தில் பாவனை என்பது இதுதான். உருவம் மங்கலாகவே இருக்கட்டும், 'அவன் இங்கே இருக்கிறான்' என்ற நினைவு இருந்தால் போதும். நெற்றியையும் கண்ணையும் தளர விடுங்கள்.

அடுத்த தவறு, முழு உருவத்தையும் ஒரே நேரத்தில் பிடித்து வைக்கப் பார்ப்பது. பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தத்தில் (பகுதியில்) கபில முனிவர் தன் தாய் தேவஹூதிக்குத் தியானம் சொல்லித் தருகிறார். மனம் திருமாலின் முழு வடிவில் நிலைத்ததும், ஒவ்வோர் அங்கமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறிக் கடைசியில்தான் சிரிப்புக்கு வருகிறார். திருப்பாணாழ்வார் அரங்கனைப் பாடிய 10 பாசுரங்களும் இதே வழியில் போகின்றன: பாதம், அரையில் சிவந்த ஆடை, உந்தி, உதரபந்தம் (வயிற்றைச் சுற்றிய அணி), மார்பு, கழுத்து, வாய், கண். முதல் பாசுரத்தில் 'திருக்கமல பாதம் வந்து' என் கண்ணுக்குள் இருக்கிறது என்கிறார். அவர் போய்ப் பிடிக்கவில்லை, பாதம்தான் வந்தது. எத்தனை முறை படித்தாலும் அந்த 'வந்து' என்ற சொல்லில் நான் நின்றுவிடுவேன். ஒரு மாதம் முழுக்கப் பாதம் மட்டும், அதில் ஒரு தண்டை, சாத்திய ஒரு பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் அங்கேயே தங்கிவிட்டால் மேலே போக அவசரம் வேண்டாம்.

தெய்வத்தை மாற்றிக்கொண்டே இருப்பதும் சரிவராது. செவ்வாயில் முருகன், சனியில் ஆஞ்சநேயர் என்று கோயிலுக்குப் போவது நல்ல வழக்கம்தான், தியானத்துக்கு மட்டும் ஒருவர் போதும். மனதுக்குப் பிடித்ததைத் தியானிக்கலாம் என்று பதஞ்சலியே யோக சூத்திரத்தில் (1.39) விட்டுவிடுகிறார். ஆனால் பயிற்சி உறுதிப்பட நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்ய வேண்டும் என்றும் (1.14) சொல்கிறார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமா? தடுக்கி விழும்போது வாயில் தானாக எந்தப் பெயர் வருகிறதோ, அவர்தான். ராசிபலன் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்புறம், உங்கள் தெய்வம் கிடைத்துவிட்டது என்பதற்காக அடுத்தவர் தெய்வத்தைக் குறைத்துப் பேச வேண்டாம். யார் எந்த வடிவை வணங்க விரும்புகிறாரோ, அந்த வடிவிலேயே அவர் சிரத்தையை நான் உறுதியாக்குகிறேன் என்பது கீதையில் (7.21) கண்ணன் சொன்னது.

மனம் அலைந்தால் அதைத் திட்டாதீர்கள். வேலை கொடுங்கள். திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்டக் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அங்கேயும் அவர் அவசரப்படவில்லை. பொருள் சேர்த்து, தச்சரைத் தேடி, நாள் பார்த்து அடிநிலை போட்டு, கிணறும் குளமும் வெட்டி முடித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி முடித்துப் பிரதிஷ்டைக்குக் குறித்த நாளை, அன்று அன்பன் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிச் சிவபெருமானே கனவில் தள்ளிவைக்கச் சொன்னார். மானச பூஜையை, அதாவது மனதுக்குள்ளேயே செய்யும் பூஜையை, கடகடவென்று ஓட்டுகிறவர்கள் இந்த நிதானத்தைக் கவனிக்க வேண்டும். மனதால் தண்ணீர் எடுத்துவாருங்கள், கை குளிர வேண்டும். பூவை ஒவ்வொன்றாக வையுங்கள்.

பெயரை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பிடித்துக்கொள்வதும் கஷ்டம். சுவாத்தியாயத்தால், அதாவது புனித நூல்களை ஓதுவதால், இஷ்ட தெய்வத்தோடு சேர்க்கை உண்டாகும் என்பது பதஞ்சலி வாக்கு (2.44), மந்திர ஜபமும் அந்தச் சுவாத்தியாயத்தில் அடக்கம். உருவம் நழுவும் நாளில் பெயர் கைகொடுக்கும்.

வேண்டுதல்களைத் தியானத்துக்கு நடுவே கொண்டுவராதீர்கள். மகள் கல்யாணம், வீட்டுக் கடன், எல்லாவற்றையும் தொடங்கும் முன்பே கொட்டிவிடுங்கள். அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சொல்லியாயிற்று என்றதும் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

சிலருக்கு ஒளி தெரியும், வாசனை வரும், கண்ணீர் பெருகும். வந்தால் வரட்டும். மறுநாளும் அதையே தேடி உட்கார்ந்தால் தெய்வம் மறந்துபோய் அனுபவம்தான் மிஞ்சும். ஊரெல்லாம் சொல்லவும் வேண்டாம், குருவிடம் மட்டும் சொல்லுங்கள். ஆனால் நாள்கணக்கில் தூக்கம் வராமல் போனாலோ, ஏதாவது குரல் கட்டளையிட்டாலோ, தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதனால் பக்திக்கு ஒரு குறையும் இல்லை.

முடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். செல்போன் அலாரம் அலறியதும் துள்ளி எழுந்து அடுப்படிக்கு ஓடினால், அதுவரை கூடிய அமைதி அங்கேயே சிந்திவிடும். மெல்லிய மணியோசையாக வைத்து, அது கேட்டபின் இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். பாதத்தில் தலை வைத்து வணங்கி, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.