எஸ்க்ரிமாவில் நிஜக் கத்தி: எப்போது எடுப்பது, எப்படிப் பழகுவது

உங்கள் பயிற்சிப் பிரம்பை எடுத்து ஒரு பக்கம் நெடுகச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். இனி அதுதான் கூர். டேப் இல்லாத பக்கத்தால் விழுகிற எந்த அடியும் கணக்கில் சேராது. பிலிப்பைன்ஸின் கம்பு, கத்திச் சண்டைக் கலையான எஸ்க்ரிமாவில் நிஜக் கத்தியை எப்போது பிடிக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இது. பாதிப் பேர் இதைச் செய்யாமலே, எந்தக் கத்தி வாங்கலாம் என்ற அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

நான் பிலிப்பைன்ஸின் செபுவில் மருத்துவம் படித்தவன். எஸ்க்ரிமா பழகியதும் அங்கேதான். இப்போது மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். வெட்டுக்காயம் தைப்பது அன்றாட வேலை. அதனால் கத்தியைப் பற்றி எழுதும்போதும் என் ஒரு கண் விரல் மேலேயே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்க்ரிமா, ஆர்னிஸ், காலி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். 2009 டிசம்பரில் கையெழுத்தான குடியரசுச் சட்டம் 9850, ஆர்னிஸைப் பிலிப்பைன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. விளையாட்டுப் போட்டியில் கம்புதான். ஆனால் பல அசைவுகளுக்கு அடியில் இருப்பது கத்தி. 1932இல் செபுவில் தொடங்கிய தோசே பாரேஸ் அமைப்பில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, அப்புறம் எஸ்படா இ தாகா என்கிற நீளக் கத்தியும் குத்துக்கத்தியும் சேர்ந்த முறை, எல்லாம் உண்டு. அதிலிருந்து பிரிந்த வெனான்சியோ பேகன் 1950களில் பலிந்தவாக் என்ற தெருவில், ஒரு கடிகாரக் கடையின் பின்புறம், ஒற்றைக் கம்பை மட்டும் வைத்து நெருக்கச் சண்டையை வளர்த்தார். அந்தத் தெருப் பெயரே அந்த முறைக்கும் பெயராகிவிட்டது.

இந்த வரலாறு இங்கே எதற்கு என்றால், நீங்கள் எந்த வழியில் பழகினீர்கள் என்பதைப் பொறுத்துக் கத்திக்கு வரும்போது கழற்றிவைக்க வேண்டிய பழக்கம் மாறும். பலிந்தவாக்கில் இடது கை தூங்கவே தூங்காது. எதிராளியின் கம்பைத் தட்டும், அமுக்கும், பிடிக்கும். கம்புக்கு அருமையான வேலை. அதே பழக்கத்தோடு கத்திக்கு வந்தால் முதலில் போவது அந்த இடது கைதான். ஆகவே சிவப்பு டேப் ஒட்டிய நாளிலிருந்து இடது கை ஆயுதத்தைத் தொடக்கூடாது. எதிராளியின் மணிக்கட்டையும் முன்கையையும் மட்டும் தொடலாம். விசிறி போல மணிக்கட்டைத் திருப்பி அடிக்கும் அபானிகோவும் அப்படித்தான். கம்பில் சுள்ளென்று விழும். கத்தியில் தட்டைப் பக்கம்தான் போய் மோதும். சிலம்பம் பழகிவிட்டு வருகிறவர்களுக்கு மணிக்கட்டு ஏற்கனவே இளகியிருக்கும், ஆனால் சுழற்றும்போது கம்பின் எந்தப் பக்கம் முன்னால் போகிறது என்ற கவலை அவர்களுக்கு இருந்திருக்காது. அவர்களுக்கும் டேப்தான் மருந்து.

பிடி பற்றி ஒரு வார்த்தை. விரல்களின் நடு மூட்டுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, கூரும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் இறுக்கம். கட்டைவிரல் சுற்றிவளைத்து மூடியிருக்கட்டும், கத்தி முதுகின் மேல் நீட்ட வேண்டாம்.

காலைப் பாருங்கள்

கத்திப் பயிற்சியில் தன் கையைத்தான் வெட்டிக்கொள்வோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முழங்காலை மறந்துவிடுகிறார்கள். ரெமி ப்ரேசஸ் வகுத்த நவீன ஆர்னிஸில் 12 அடிகள். முதல் அடி எதிராளியின் இடது நெற்றிப்பொட்டுக்கு, இரண்டாவது வலது நெற்றிப்பொட்டுக்கு. மற்ற முறைகளில் எண்கள் மாறும், கோணங்கள் பெரிதாக மாறாது. வலக்கைக்காரர் முதல் அடியை முழுவேகத்தில் வெட்டினால் கத்தி எங்கே போய் நிற்கும்? குறுக்காக இறங்கி, தன் இடது முழங்காலுக்குப் பக்கத்தில். அங்கே இடது கால் முன்னால் இருந்தால் கதை முடிந்தது. வலமிருந்து இறங்கும் வெட்டுக்கு வலது கால் முன்னால், இடமிருந்து இறங்கும் வெட்டுக்கு இடது கால் முன்னால். முக்கோண நடையில் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். பிரம்பு முழங்காலில் பட்டால் வெறும் வலிதான் என்பதால் பலரும் அதை அலட்சியமாக நடக்கிறார்கள்.

இன்னொன்று, விழும் கத்தியைப் பிடிக்காத பழக்கம். நம் கைக்கு இயல்பே பிடிப்பதுதான். அதனால் தனியாகப் பழக வேண்டும்: கூட்டாளி உங்கள் பிரம்பைத் தட்டிவிடட்டும், நீங்கள் இரண்டு கையையும் மார்போடு ஒட்டிக்கொண்டு பின்னால் குதியுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். யோசிக்காமல் குதிக்கும் வரை செய்யுங்கள்.

பிரம்புக்கும் கூருக்கும் நடுவில்

பிரம்புக்கு அடுத்து, போலோ என்கிற பிலிப்பைன்ஸ் வெட்டுக்கத்தியின் வடிவத்தை மரத்தால் செய்தது. தட்டையாக இருப்பதால் கூர் எந்தப் பக்கம் என்று கைக்கே தெரிந்துவிடும். அப்புறம் அலுமினியப் பயிற்சிக் கத்தி. இது மோதி மோதி விளிம்பில் பிசிறு எழும்பும், அந்தப் பிசிறு தோலைக் கிழிக்கும். வகுப்பு முடிந்ததும் அரத்தால் தேய்த்துவிடுங்கள். கூட்டாளியோடு செய்யும்போது கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம், மெதுவாகச் செய்தாலும். கருங்காலி இனத்துக் கமகோங் மரத்தில் செய்த கம்புகள் அழகாக இருக்கும், கனமாக இருக்கும். தனியாகச் சுழற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரம்பு உடையும்போது நாராகப் பிரியும். கெட்டி மரம் சிலாம்பாகத் தெறிக்கும்.

நிஜக் கத்தியோடு இரண்டு பேர் எதிரெதிரே நின்று செய்யும் பயிற்சியும் சில பள்ளிகளில் உண்டு. முன்கூட்டியே பேசிவைத்த அசைவுகளை, வருடக்கணக்காக ஒன்றாகப் பழகிய இருவர், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, நத்தை வேகத்தில் செய்வார்கள். அதில் கிடைக்கும் ஒருமுகம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கற்கும் எதையும் மழுங்கிய இரும்புக் கத்தியில் கற்கலாம் என்பது என் முடிவு. கூர்க்கத்திக்கு என்று தனியாக மூன்று வேலைகள் இருக்கின்றன: உருவுவது, வெட்டுவது, உறையில் போடுவது. மூன்றையும் கூட்டாளி இல்லாமல் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

உருவுவதும் உறையில் போடுவதும்

பிலிப்பைன்ஸ் கத்திகளின் உறை பெரும்பாலும் இரண்டு மரப்பலகைகளை ஒட்டியோ பிரம்பு நாரால் கட்டியோ செய்தது. ஒட்டிய மூட்டு கூர் இருக்கும் பக்கத்தில்தான் வரும். உறையை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துக் கத்தியை இழுத்தால், கூர் அந்த மூட்டைப் பிளந்துகொண்டு நான்கு விரல்களையும் தொடும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். உறையின் இரண்டு தட்டைப் பக்கங்களையும் கட்டைவிரலும் மற்ற விரல்களும் கிள்ளுவது போலப் பிடிக்கட்டும். கூர்ப் பக்கத்தில் எந்த விரலும் வரக்கூடாது. இழுக்கும்போது கத்தியின் முதுகு உறையோடு உரசிவரட்டும்.

உள்ளே போடும்போது உறையின் வாயைப் பாருங்கள். பேச்சை நிறுத்துங்கள். திரைப்பட நாயகன் போலப் பார்க்காமல் சொருகுவதால் எந்த நன்மையும் இல்லை.

ஒவ்வொரு முறையும் வெட்டத் தொடங்குமுன் பிடியைச் சோதியுங்கள். பழைய முறையில் இரும்பின் வாலைப் பிடிக்குள் செருகிப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். வெயிலிலும் அதிர்விலும் அது விட்டுப்போகும். கத்தி முதுகை ஒரு மரக்கட்டையில் லேசாகத் தட்டுங்கள். கடகட என்று சத்தம் வந்தால் அன்றைக்குக் கத்தி வேண்டாம். வால் பிடியின் மறுமுனை வரை வந்து அங்கே அடித்து மடக்கியிருந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். கொல்லர்கள் பெரும்பாலும் லாரி பட்டை வில்லை அடித்துத்தான் போலோ செய்கிறார்கள்; நல்ல இரும்புதான், ஆனால் துருப்பிடிக்கும்.

வெட்டிப் பார்ப்பது

வாழைமரம் போல நேர்மையான ஆசிரியர் கிடையாது. பிலிப்பைன்ஸிலும் அதைத்தான் வெட்டுகிறார்கள், நமக்கும் பஞ்சமில்லை. குலை தள்ளி அறுவடை முடிந்த மரத்தைக் கேட்டால் தோட்டக்காரர் சும்மாவே தருவார். இடுப்புயரத்துக்கு ஒரு கனமான மரத் தாங்கி, அதன் நடுவில் நிற்கும் ஒரு முளை, அதில் தண்டைச் செருகி நிறுத்துங்கள். தரை உலர்ந்திருக்க வேண்டும். வழுவழு டைல்ஸ் வேண்டாம். மூடிய காலணி போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் உங்கள் பின்னால் நன்றாகத் தள்ளி நிற்கட்டும். கத்தி கையை விட்டுப் போனால் வீச்சின் திசையில்தான் போகும், அந்தத் திசையில் யாரும் இருக்கக்கூடாது.

முதல் வெட்டு 45 பாகைச் சாய்வில், மேலிருந்து கீழே, பாதி வேகத்தில். பலத்தால் வெட்டாதீர்கள், பலத்துக்கு வாழை எப்படியும் விழும், அதனால் எதுவும் தெரியாது. வெட்டிய முகத்தைப் போய்ப் பாருங்கள். சமதளமாக இருந்தால் கூர் நேராகப் போயிருக்கிறது. கிண்ணம் போலக் குழிந்திருந்தால் வெட்டும்போதே மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. பாதியில் சிக்கிக்கொண்டால் கோணம் தப்பு. நகரத்தில் இருப்பவர்கள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துப் பார்க்கலாம். கோணம் தப்பினால் அது வெட்டுப்படாமல் பறந்துபோய் விழும். வாழைக்கறை சட்டையில் பட்டால் போகாது என்பது உங்களுக்கே தெரியும், இரும்பையும் கறுக்க வைக்கும். உடனே துடைத்து மினரல் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும்.

தோள் சோர்ந்து, கத்தி இறங்கும் இடம் நீங்கள் நினைத்த இடத்திலிருந்து விலகத் தொடங்கினால் அன்றைக்குப் போதும்.

வெட்டுப்பட்டால்

கம்பி இழை போட்ட கையுறை வழுக்கலுக்குத் தாங்கும், வீசி வந்த வெட்டுக்குத் தாங்காது. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல், 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். அதைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் போகிறது. பீறிட்டு வந்து, அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் வராமல், ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகெட் பட்டையைக் கட்டி நேரத்தைக் குறித்துவையுங்கள். பயிற்சிப் பையிலேயே அந்தப் பட்டை இருக்கட்டும்.

ரத்தம் நின்றதும் ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியாக மடக்கிப் பாருங்கள். ஒன்று மடங்கவில்லையென்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். நுனியின் ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பு. காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே கை அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் இது. விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவாருங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது.

கடைசியாகச் சட்டம். பிலிப்பைன்ஸிலேயே 1978இன் பதாஸ் பம்பான்சா 6 என்ற சட்டம், தொழிலுக்கான கருவியாக அல்லாமல் வீட்டுக்கு வெளியே கத்தி எடுத்துப்போவதைக் குற்றமாக்குகிறது. இந்தியாவின் ஆயுத விதிகளில் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டிய கத்திகள் தனி வகையாக வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கத்திகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் உங்கள் பையில் இருக்கும் போலோ அந்த விலக்கில் வருமா என்பதைச் சோதனைச் சாவடியில் நின்று வாதாடாதீர்கள். வாங்குமுன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். பயிற்சி இடத்திலேயே பூட்டிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. விமானத்தில் பிரம்புகூடக் கைப்பையில் போகாது.