வக்கீல் தொழிலை விட்டு சபா நிர்வாகத்துக்கு வருகிறவர்களுக்கு

மும்பை சிட்டி சிவில் கோர்ட்டில் 22 ஆண்டுகள் வழக்காடிவிட்டு, மாட்டுங்காவில் ஒரு சபாவின் நிர்வாகத்துக்கு வந்தவள் நான். வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. கலைப் பக்கம் வர விரும்பும் இளைய வக்கீல்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் சன்னத், அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம். சபாவில் உங்களுக்குத் தருவது கௌரவப் பதவியா, சம்பளப் பதவியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொடர முடியாது என்கிறது பார் கவுன்சில் விதி 49. முதல் 4 ஆண்டுகள் நான் கௌரவச் செயலாளர். பகலில் கோர்ட், மாலையில் சபா. சம்பளத்தோடு இயக்குநர் பொறுப்பை ஏற்றபோது சன்னத்தை நிறுத்திவைத்தேன். அதற்கு முன்பாக நிலுவை வழக்குகளைக் கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு வேறு வக்கீல்களிடம் ஒப்படைக்க 7 மாதம் பிடித்தது. அதில் அவசரம் காட்டாதீர்கள். தாராவியில் ஒற்றை அறை வீட்டுக்காக என்னை நம்பியிருந்த ஒரு பாட்டி, புது வக்கீல் தமிழ் பேசுவாரா என்று மட்டும்தான் கேட்டார். பேசுகிறவரைத் தேடிக் கொடுத்த பிறகே அந்த வழக்கிலிருந்து விலகினேன்.

பொறுப்பேற்ற முதல் வாரம் கச்சேரிப் பட்டியல் காத்திருக்கட்டும், கோப்புகளை எடுங்கள். மகாராஷ்டிரத்தில் சங்கமாகப் பதிவான சபா 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும் வரும். நிர்வாகிகள் மாறினால் 90 நாட்களுக்குள், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனரிடம் சேஞ்ச் ரிப்போர்ட் தாக்கல் செய்ய வேண்டும். வொர்லியில் உள்ள அவரது அலுவலகத்தில் ஷெட்யூல் 1 என்னும் பதிவேட்டின் நகல் வாங்கி, அதில் உள்ள பெயர்களும் இன்று கமிட்டியில் உட்காருகிறவர்களின் பெயர்களும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் ஒப்பிடவில்லை. முந்தைய கமிட்டி செய்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். அந்த ஜனவரியில் தியாகராஜ ஆராதனை முடிந்த மறுநாள், பதிவில் உள்ள பெயர்களும் காசோலைக் கையெழுத்துகளும் ஒத்துப்போகவில்லை என்று வங்கி பணத்தை நிறுத்திவிட்டது. பாலக்காட்டிலிருந்து ரயிலில் வந்து வாசித்துவிட்டுப் போன மிருதங்க வித்வானுக்கு 19 நாள் கழித்தே சன்மானம் போய்ச் சேர்ந்தது. இடையில் அவர் ஒரே ஒரு முறை போன் செய்தார். பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வலந்தலை மூட்டு, அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல், புதிதாகப் போடக் கொடுத்திருப்பதாக மட்டும் சொன்னார். அதற்குக் கூலி கொடுக்க அவர் கையில் பணம் வேண்டும் என்பது அன்றிரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது எங்கள் சபாவில் கச்சேரிக்கு முன்தினமே சன்மானம் போய்விடும். பக்கவாத்தியக்காரர்களுக்கும் தம்புரா போடுகிறவருக்கும் தனித்தனியாக, நேராக. பிரதான வித்வானிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உங்கள் சபாவில் இருந்தால் முதல் ஆண்டிலேயே மாற்றிவிடுங்கள். சன்மானத்திலிருந்து டி.டி.எஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்தால், அதற்கான சான்றிதழை அவர்கள் கேட்காமலே அனுப்புங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத கலைஞர் பணத்தைத் திரும்பக் கேட்க அது உதவும்.

ஒப்பந்தம் எழுதுவது நமக்குக் கைவந்த வேலை என்பதால் நீளமாக எழுதிவிடுவோம். ஒரே பக்கம் போதும், தமிழில். தேதி, கச்சேரி நேரம், சன்மானம், பயணம், தங்கும் இடம். இவற்றோடு ஒலிப்பதிவைப் பற்றி மட்டும் தெளிவாக எழுதுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) நிகழ்த்துகிறவருக்கே 50 ஆண்டு உரிமை தருகிறது. சபாவின் சேகரத்துக்காகப் பதிவு செய்ய ஒரு சம்மதம், யூடியூபில் ஏற்ற வேறொரு சம்மதம். மேடையில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். சாகித்யத்தையும், அதாவது பாடலை இயற்றியவரின் உரிமையையும் மறக்கக் கூடாது. தியாகராஜர் கீர்த்தனைகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு.

இவ்வளவும் சட்டம் படித்தவருக்கு எளிது. கலையைக் கற்பதுதான் கடினம், அதைத் தள்ளிப்போடவும் முடியாது. கல்லிடைக்குறிச்சியில் பிறந்த ஈ. கிருஷ்ண ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற வக்கீல், மியூசிக் அகாதெமியின் செயலாளர்களில் ஒருவர். தேவதாசிகள் ஆடிவந்த சதிரை, இன்றைய பரதநாட்டியத்தின் முன்வடிவத்தை, ஆடவே கூடாது என்று ஊர் பேசிய காலத்தில் அதற்காகப் பத்திரிகைகளில் வாதாடினார். 1931இல் தேவதாசி மரபில் வந்த கல்யாணி மகள்களின் ஆட்டத்தை அகாதெமி மேடையில் ஏற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்பே அவர் சதிரை முறையாகக் கற்று, பெண் வேடமிட்டு மேடையில் ஆடியவர். அவர் வாதத்துக்கு வலிமை அங்கிருந்து வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் ஓராண்டு சனிக்கிழமைதோறும் செம்பூரில் ஓர் ஆசிரியரிடம் தாளம் போடக் கற்றேன். மிருதங்கம் போன்ற தாளவாத்தியங்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தை 5 நிமிடத்தில் முடிக்கச் சொல்லலாமே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டபோது, ஏன் கூடாது என்பதைக் கையால் தட்டிக் காட்ட அந்த ஓராண்டு உதவியது.

அரங்கம் பற்றி இரண்டே செய்திகள். திறந்தவெளிப் பந்தலில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது, மங்களத்தை 9.50க்குத் தொடங்கச் சொல்லுங்கள். தீயணைப்புக் கருவிகளை ஆண்டுதோறும் நேரில் நின்று சோதியுங்கள். 1990இல் தீக்கிரையான நம் மும்பை ஷண்முகானந்தா அரங்கம் மீண்டும் திறக்க 1998 ஆனது.

இனி, எனக்கு வெகு நாள் கழித்துப் புரிந்த ஒன்று. கமிட்டி கோர்ட் அல்ல. என் இரண்டாம் ஆண்டில், 30 ஆண்டுகளாக அரங்கைத் திறந்து மூடிய ஒரு பெரியவரை டிக்கெட் விலை பற்றிய விவாதத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்கினேன். தீர்மானம் என் பக்கம் நிறைவேறியது. அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார், பிறகு வரவே இல்லை. மைக்கில் இரைச்சல் வந்தால் எந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். இப்போது கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, மாற்றுக் கருத்து உள்ளவர் வீட்டுக்குப் போய், அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். கூட்டம் தொடங்கியதும் முதலில் அதைத்தான் படிக்கிறேன்.