சிட்னியில் கலை பார்க்க புதன் மாலையே நல்லது

சிட்னியில் ஒரு மாலை மட்டும் கையில் இருந்தால், அதைப் புதன்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கேலரி அன்று இரவு 10 மணி வரை திறந்திருக்கும். பொது நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. உருவப்பட ஓவியங்களுக்கான ஆர்ச்சிபால்ட் பரிசுக் கண்காட்சி போன்ற சில பெரிய கண்காட்சிகளுக்கு மட்டும்தான் டிக்கெட். செயின்ட் ஜேம்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

பழைய கட்டடத்தில் தொடங்க வேண்டாம். 2022 டிசம்பரில் திறந்த, கேலரியின் புதிய 'நாலா படு' கட்டடத்துக்குள் நுழைந்து, நேராகக் கீழ்த்தளத்துக்குப் போங்கள். அங்கே சுழல் படிக்கட்டில் இறங்கினால் 'டேங்க்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படைக்காக எண்ணெய் சேமித்த நிலத்தடித் தொட்டி அது. ஏழு மீட்டர் உயரத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும், அவற்றில் பழைய எண்ணெய்க் கறை இன்னும் தெரியும். உள்ளே போனதும் மொபைலை எடுக்காமல் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும், காதும் எதிரொலிக்குப் பழக வேண்டும். அதற்கு அப்புறம்தான் அங்கே வைத்திருக்கும் படைப்பு முழுதாகப் பிடிபடும். படைப்பு இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்காகவே போகலாம் என்பேன்.

சிப்பெண்டேலில் உள்ள ஒயிட் ராபிட் கேலரியும் இலவசம்தான். சீனச் சமகாலக் கலைக்கென்றே உள்ள இடம், கீழே டீ அருந்தவும் வசதி உண்டு. ஆனால் ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மூடிவிடுவார்கள். தேதியை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.