என்கிளெக்ஸ் எழுத வரும் சிஸ்டர்களுக்கு: நான் கீரையில் வழுக்கி விழுந்த கதை

அமெரிக்கா வந்து, அங்கே நர்ஸ் உரிமம் வாங்குவதற்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வை எழுதப் போகிறவர்களுக்கு இது. சான்றிதழ் சரிபார்ப்பு, ஆங்கிலத் தேர்வு, எந்த மாநிலமோ அந்த நர்சிங் போர்டின் படிவங்கள், தேர்வை நடத்தும் பியர்சன் வ்யூ நிறுவனத்தில் பதிவு, ஏடிடி எனும் தேர்வு அனுமதிக் கடிதம் வந்ததும் தேதி எடுப்பது, அவ்வளவுதான். அலைச்சல் உண்டு, பொறுமை இருந்தால் முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஏடிடியில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் முதலிலேயே பாருங்கள், இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு அது ஒரு தலைவலி.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். ஒன்பது வருஷம் மெடிக்கல் வார்டு, ஊசி போட எந்த நரம்பும் எனக்குக் கிடைக்கும், அந்தத் திமிரோடுதான் போய் உட்கார்ந்தேன். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நம் பதிலைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைப் பொறுக்கும், திரும்பிப் போய்த் திருத்த வழியில்லை. எனக்கு 150 வரை இழுத்து ஃபெயில். மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். வந்த அறிக்கையில் மருந்துப் பகுதியும், நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது அதிகம் வரும் பகுதியும் தேர்ச்சி அளவுக்குக் கீழே.

சொல்லிக்கொடுப்பதிலா நான் தோற்றேன் என்று முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் வார்டில் என்ன செய்தோம்? டிஸ்சார்ஜ் சீட்டைக் கூட இருப்பவர் கையில் கொடுத்து "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, புரிஞ்சுதா?" என்றோம். அவரும் தலையாட்டினார். இந்தப் பரீட்சையில் தலையாட்டல் எதற்கும் அத்தாட்சி இல்லை. நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், ஊசி என்றால் போட்டுக் காட்ட வேண்டும். முதல் தடவை சொல்லிக்கொடுப்பது ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸின் வேலை, அவருக்கு அடுத்த படி நர்ஸான எல்பிஎன் அதை மறுபடி வலியுறுத்தலாம், உதவியாளரிடம் தள்ளிவிட முடியாது. மொழி புரியாத நோயாளிக்கு மகளை மொழிபெயர்க்கச் சொல்கிற விடை பார்க்க எவ்வளவு இயல்பாக இருந்தாலும் தப்பு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிட வேண்டும்.

சரி, கீரைக்கு வருகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் சொல்லும் நான்கு வாக்கியங்களில் எதற்கு "மேலும் விளக்கம் தேவை" என்று கேட்பார்கள். அதாவது தேட வேண்டியது தப்பான வாக்கியத்தை. அவசரத்தில் சரியான வாக்கியத்தைக் கிளிக் செய்பவர்கள் ஏராளம், நானும் எத்தனை முறை செய்தேனோ. இன்னொரு வகையில் மாட்டியது இன்னும் மோசம். "இனி கீரையே தொடமாட்டேன்" என்று நோயாளி சொன்னால் அது நமக்குச் சரியாகத்தான் படும், ஏனென்றால் நாமே அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறோம். ஆனால் தேட வேண்டிய தப்பான வாக்கியம் அதுதான். கீரையில் இருக்கும் வைட்டமின் கே ஒரு வாரம் ஏறி ஒரு வாரம் இறங்கினால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவும் கூடவே ஆடும். அதனால் வழக்கமாகச் சாப்பிடும் அளவை மாற்றாமல் சாப்பிடச் சொல்ல வேண்டும். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்துக்கும் இதே புத்திதான். உப்பைத் திடீரென்று குறைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கிவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுப்பவர் சாதாரண உப்புக்குப் பதிலாக "மாற்று உப்பு" வாங்கினேன் என்றால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள், அதில் இருப்பது பொட்டாசியம். நாம் "பத்தியம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் விஷயத்தை இவர்கள் மருந்து மருந்தாகப் பிரித்துக் கேட்கிறார்கள்.

அந்த 45 நாளும் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு தினமும் ஒரு மருந்தை எடுத்து யாருக்காவது சத்தமாக விளக்கினேன். கணவர் இரண்டு நாளில் ஓடிவிட்டார், அப்புறம் போனில் அம்மாதான். அவள் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்து நாலு வருஷம் இருக்கும். எப்படி எடுக்கிறாய், ஒன்றுவிடாமல் சொல் என்றேன். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, இழுத்து, பிடித்து, எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு மூடியை மாட்டிவிடுவேன் என்றாள். வாய் கொப்பளிக்க மாட்டாயா, கொப்பளிக்காவிட்டால் வாயெல்லாம் பூஞ்சை வருமே என்று பதறினேன்.

"நீ சொல்லவே இல்லையேடி" என்றாள்.