ஒரே அஞ்சல் பெட்டி, இரண்டு சர்வர்: என்எஃப்எஸ், டவ்கோட், ஹெச்ஏப்ராக்ஸி செய்முறை

ஒரு மெயில் சர்வர் படுத்தால் அலுவலகமே நின்றுவிடுகிறது, அதனால் இரண்டாவதாக ஒன்றை வைத்து இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்பகம் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லினக்ஸில் ஒற்றை மெயில் சர்வர் நிறுவிப் பழகியவர்கள் தொடரலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுமையைப் பகிர்வது இங்கே சுலபமான வேலைதான். ஒருவருடைய அஞ்சல் பெட்டியை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சர்வர் மட்டும் தொடும்படி பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

தேவையான இயந்திரங்கள்

பழகிப் பார்க்க நான்கு மெய்நிகர் இயந்திரங்கள் போதும். அஞ்சலைச் சேமிக்க, பிணையம் வழியாக அடைவைப் பகிரும் ஒரு என்எஃப்எஸ் சர்வர் (10.0.0.10), பயனருக்கு அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டும் டவ்கோட் ஓடும் பின்புறச் சர்வர்கள் இரண்டு (10.0.0.21, 10.0.0.22), முன்னால் வாசல் போல நிற்க ஒன்று (10.0.0.31). எல்லாவற்றிலும் டெபியன் 12 போட்டுக்கொள்ளுங்கள். அதில் வருவது டவ்கோட் 2.3. டெபியன் 13-இல் 2.4 வருகிறது, அதில் அமைப்புகளின் பெயர்கள் பல மாறிவிட்டன, இங்கே சொல்வது அப்படியே பொருந்தாது. அமைப்புப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், கோப்பில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

எல்லா இயந்திரங்களிலும் க்ரோனி நிறுவி நேரத்தை ஒன்றாக்குங்கள். கடிகாரங்கள் விலகினால் டவ்கோட் பதிவேட்டில் புலம்பும், பூட்டுக் கோப்புகளின் வயதைத் தவறாகக் கணிக்கும். அப்புறம், வீமெயில் என்ற பயனரை என்எஃப்எஸ் சர்வரிலும் இரண்டு டவ்கோட் சர்வரிலும் ஒரே எண்ணோடு, உதாரணமாக 5000, உருவாக்குங்கள். எண் மாறினால் ஒரு சர்வர் எழுதிய கடிதத்தை இன்னொன்றால் திறக்க முடியாது.

படி 1: சேமிப்பகம்

என்எஃப்எஸ் சர்வரில் அஞ்சல் அடைவை உருவாக்கி, வீமெயிலுக்கு உரிமையாக்கி, 21, 22 ஆகிய இரண்டு முகவரிகளுக்கு மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். 'சிங்க்' விருப்பம் இருக்கட்டும். வேகத்துக்காக 'அசிங்க்' போட்டால், வட்டில் எழுதப்படாத கடிதத்தை எழுதிவிட்டதாக என்எஃப்எஸ் சொல்லும். மின்சாரம் போனால் அந்தக் கடிதமும் போகும்.

டவ்கோட் சர்வர்களில் பதிப்பு 4-இல் மவுண்ட் செய்யுங்கள். 'ஹார்டு' அவசியம். 'சாஃப்ட்' வேண்டவே வேண்டாம். பிணையம் கொஞ்சம் தடுமாறினாலே எழுதும் வேலை பாதியில் பிழையோடு திரும்பும். 'ஹார்டு' என்றால் சேமிப்பகம் திரும்பி வரும்வரை காத்திருக்கும். கணினி உறைந்தது போலத் தெரிந்தாலும் தரவு பிழைக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது மவுண்ட் தோற்று, டவ்கோட் மட்டும் எழுந்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளூர் வட்டில் இருக்கும் காலி அடைவில் எல்லோருக்கும் புதுப் பெட்டி உருவாகும். பயனர் திறந்தால் இன்பாக்ஸ் காலி; அவருடைய மெயில் செயலி தன் நகலையும் அழித்துவிடும். இதைத் தடுக்க, மவுண்ட் செய்வதற்கு முன்பே அந்தக் காலி அடைவை ரூட்டுக்கு உரிமையாக்கி, அனுமதியைப் பூஜ்ஜியமாக வையுங்கள். சிஸ்டம்டியில் டவ்கோட் சேவைக்கு 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' வரியையும் சேர்த்துவிடுங்கள்.

படி 2: டவ்கோட் சேமிக்கும் விதம்

மெயில்டிர் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். கியூமெயிலுக்காக டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்தது இது. ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. முதலில் 'டெம்ப்' அடைவில் எழுதி, முடிந்ததும் 'நியூ' அடைவுக்கு நகர்த்துவார்கள். கோப்பின் பெயரிலேயே நேரமும் சர்வர் பெயரும் இருப்பதால் இரண்டு சர்வர் ஒரே பெயரை உருவாக்காது. கடிதத்தைப் போட்டுவைக்கப் பூட்டே தேவையில்லை. எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில் இருக்கும் எம்பாக்ஸ் வடிவத்துக்குப் பூட்டு வேண்டும். என்எஃப்எஸ் மேல் பூட்டு எப்போதுமே தலைவலி.

ஆனால் டவ்கோட் ஒவ்வொரு பெட்டிக்கும் இன்டெக்ஸ் கோப்புகளையும் (பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல்) வைத்திருக்கிறது. சிக்கல் அங்கேதான் வருகிறது. என்எஃப்எஸ் கிளையன்ட் கோப்புகளின் விவரங்களைத் தற்காலிகமாக நினைவில் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் இயல்பாகக் கோப்புக்கு 3 முதல் 60 நொடி வரை, அடைவுக்கு 30 முதல் 60 நொடி வரை. 21 மாற்றியதை 22 பார்க்க அவ்வளவு நேரம் ஆகலாம். அதற்குள் 22-உம் அதே இன்டெக்ஸில் எழுதினால் கோப்பு கெடும். பதிவேட்டில் 'கரப்டெட்', 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று வரிகள் வரும்.

டவ்கோட்டில் 'எம்மேப்_டிசேபிள்' என்பதை ஆம் என்றும், 'மெயில்_எஃப்சிங்க்' என்பதை எப்போதும் என்றும் வையுங்கள். 'மெயில்_என்எஃப்எஸ்_ஸ்டோரேஜ்', 'மெயில்_என்எஃப்எஸ்_இன்டெக்ஸ்' என்று இரண்டு உண்டு. இரண்டு சர்வர் ஒரே பெட்டியைத் தொடும் நிலைமைக்காக வந்தவை. இருந்தும் முழுப் பாதுகாப்பு தராது, வேகத்தையும் குறைக்கும். அவற்றை நம்பாமல் அடுத்த படிக்குப் போவோம்.

படி 3: யாருக்கு எந்தச் சர்வர்

பலர், இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஹெச்ஏப்ராக்ஸியில் 'பேலன்ஸ் சோர்ஸ்' போட்டு, ஒரே ஐபி ஒரே சர்வருக்குப் போகும், போதும் என்று விட்டுவிடுகிறார்கள். போதாது. ஒருவருடைய கைபேசி மொபைல் டேட்டாவில் இருக்கும், மடிக்கணினி அலுவலக இணைப்பில் இருக்கும். இரண்டு ஐபி, இரண்டு சர்வர், ஒரே பெட்டி.

அதனால் ஐபியை விட்டுவிட்டுப் பயனர் பெயரை வைத்துப் பிரிக்க வேண்டும். வாசல் இயந்திரத்தில் இன்னொரு டவ்கோட்டை ப்ராக்ஸியாக, அதாவது இணைப்பை வாங்கிச் சரியான சர்வருக்குக் கடத்தும் இடைத்தரகராக, ஓட்டுங்கள். தரவுத்தளத்தில் இருக்கும் பயனர் அட்டவணையில் 'ஹோஸ்ட்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பாதிப் பேருக்கு 10.0.0.21, மீதிப் பேருக்கு 10.0.0.22 எழுதுங்கள். ப்ராக்ஸியின் பாஸ்டிபி (பயனரைத் தேடும் பகுதி) வினவல் கடவுச்சொல்லாக வெறுமை, 'நோபாஸ்வேர்டு' ஆம், 'ப்ராக்ஸி' ஆம், அப்புறம் அந்த 'ஹோஸ்ட்' மதிப்பு ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். கடவுச்சொல்லைப் பின்புறச் சர்வர்தான் சரிபார்க்கும்.

உள்ளே வரும் அஞ்சலும் இதே வழியில் போகட்டும். வெளியிலிருந்து அஞ்சலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸை வாசலில் வைத்து, டவ்கோட் ப்ராக்ஸியில் 'எல்எம்டிபி_ப்ராக்ஸி' ஆம் என்று போட்டு, அதனிடம் எல்எம்டிபி (கடிதத்தைப் பெட்டியில் சேர்க்கும் நெறிமுறை) மூலம் கொடுங்கள். இதை மறந்தால் படிப்பது 21, கடிதம் போடுவது 22 என்று ஆகி, பழைய சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் வரிசை அடைவு எப்போதும் உள்ளூர் வட்டில்தான் இருக்க வேண்டும்.

படி 4: ஹெச்ஏப்ராக்ஸி

வாசலில் 993-ஐ (செயலிகள் பெட்டியைப் படிக்க வரும் வாயில்) ஹெச்ஏப்ராக்ஸி கேட்கட்டும், டவ்கோட் ப்ராக்ஸி 10993-இல் இருக்கட்டும். மோடு டிசிபி. இரண்டாவது வாசல் சேர்க்கும்போது அதன் 10993-ஐயும் பட்டியலில் போட்டால் சுமை பிரியும். கீப்அலைவ்டு நிறுவினால் ஒரு பொது ஐபி இரண்டு வாசலுக்கும் நடுவே மாறிக்கொள்ளும்.

கால அளவில் கவனம் வேண்டும். ஐமேப் ஐடில் இணைப்பு, அதாவது புதுக் கடிதம் வருமா என்று செயலி திறந்தே வைத்திருக்கும் இணைப்பு, நிமிடக்கணக்கில் பேசாமல் காத்திருக்கும். செயலிகள் 29 நிமிடத்துக்குள் ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2177 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்கிறது. வலைத்தளத்துக்காக எழுதிய மாதிரிக் கோப்பிலிருந்து 50 நொடியை அப்படியே எடுத்துப் போட்டால் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கும், கைபேசியின் பேட்டரியும் கரையும். கிளையன்ட், சர்வர் இரண்டுக்கும் 31 நிமிடம் வையுங்கள்.

பயனரின் உண்மையான ஐபி டவ்கோட்டுக்குத் தெரிய, ஹெச்ஏப்ராக்ஸியில் 'சென்ட்-ப்ராக்ஸி-வி2' சேர்த்து, டவ்கோட்டின் 10993 வாயிலில் 'ஹெச்ஏப்ராக்ஸி' ஆம் என்று போட்டு, 'ஹெச்ஏப்ராக்ஸி_ட்ரஸ்டெட்_நெட்வொர்க்ஸ்' பட்டியலில் வாசலின் முகவரியைச் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லா இணைப்பும் ஒரே ஐபியிலிருந்து வருவதாகத் தெரியும்; கடவுச்சொல் திருடனைத் தடுக்கப் போய் எல்லோரையும் தடுத்துவிடுவீர்கள். பின்புறச் சர்வர்களில் 'லாகின்_ட்ரஸ்டெட்_நெட்வொர்க்ஸ்' அமைப்பிலும் அதே முகவரி வேண்டும்.

மற்ற சர்வர்கள் அஞ்சல் கொண்டுவரும் 25-ஆம் வாயிலுக்கு இதெல்லாம் வேண்டாம். வாசல் இரண்டானதும், டொமைனின் அஞ்சலை எங்கே கொடுப்பது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இரண்டை ஒரே முன்னுரிமையில் போட்டால் அனுப்பும் சர்வர்களே பிரித்துக்கொள்ளும்; ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றதை முயலும்.

படி 5: ஒன்றை அணைத்துப் பாருங்கள்

சோதனைப் பயனராக நுழைந்து, யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் 'டவ்ஏடிஎம் ஹூ' கட்டளையை 21, 22 இரண்டிலும் ஓட்டுங்கள். ஒருவர் ஒரே சர்வரில் மட்டும் தெரிய வேண்டும். இப்போது 21-ஐ அணையுங்கள். அட்டவணையில் 'ஹோஸ்ட்' 21 என்று இருப்பவர்களை எல்லாம் ஒரே அப்டேட் வரியில் 22-க்கு மாற்றுங்கள். செயலி மறுபடி இணையும்போது பழைய கடிதங்கள் அப்படியே இருக்க வேண்டும்.

நிஜமாகப் பழுது வரும் நாளில் வரிசையை மாற்றாதீர்கள்: 21 முழுதாக அணைந்ததை உறுதி செய்த பிறகுதான் அப்டேட். பிங்குக்குப் பதில் இல்லை என்பதால் அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மவுண்ட் உயிரோடு இருந்து இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். சந்தேகம் இருந்தால் என்எஃப்எஸ் ஏற்றுமதிப் பட்டியலிலிருந்து 21-ஐ நீக்கி, ஏற்றுமதியைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் பயனர்களை மாற்றுங்கள்.

இரண்டாவது வாசலும் சேர்த்துவிட்டால், இன்னும் ஒற்றையாக நிற்பது என்எஃப்எஸ் சர்வர்தான். வட்டை இன்னொரு இயந்திரத்தில் உடனுக்குடன் நகலெடுக்கும் டிஆர்பிடி வைத்து அதற்கும் இரட்டை செய்யலாம், அது தனிப் பாடம். அதுவரை தினமும் வேறொரு இயந்திரத்துக்குக் காப்பு எடுங்கள்.